மருந்து போடாத தட்டு

தமிழினியின் காதில் ஒரு நல்ல செய்தி விழுந்தால் அது ஊரைச் சுற்றி வந்துதான் ஓயும். அவளைக் குறை சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. சந்தோஷத்தைத் தனியாக வைத்துக்கொள்ளத் தெரியாத பிறவி அவள், அவ்வளவுதான். பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் வந்த அன்றே விடுதிப் பள்ளியின் வாசலில் நின்று, "நான் டாக்டராயிட்டேன்!" என்று கூவியவள். கலந்தாய்வு முடிந்து பார்த்தால் மனித டாக்டருக்கு இடமில்லை, மாட்டு டாக்டருக்குத்தான் இடம் இருந்தது. அதற்குள் சொந்தக்காரர்கள் பாதிப் பேர் மூட்டுவலிக்கு என்ன மாத்திரை போடலாம் என்று கேட்டுவிட்டிருந்தார்கள்.

அப்பா அர்த்தநாரிக்கு நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறை. வெல்டிங் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, அழுது வீங்கியிருந்த மகளைப் பார்த்து அவர் சொன்னார்: "மனுசனுக்கு வாயிருக்குது சாமி, எங்க நோவுதுன்னு சொல்லிப்போடுவான். ஆட்டுக்கு ஆரு இருக்கறா? நீ போய்ப் படி." அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு கால்நடை மருத்துவக் கல்லூரிக்குப் போனாள். போனவள் அங்கேயே ஒட்டிக்கொண்டாள்.

ஒட்டிக்கொண்டதற்குக் காரணம் புழு. நம்பித்தான் ஆக வேண்டும். ஒட்டுண்ணிப் பாடத்தின் முதல் செய்முறை வகுப்பில் ஒரு நாடாப்புழுவைத் தட்டில் நீட்டி வைத்திருந்தார்கள். கூட இருந்த பெண்கள் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். ஒருத்தி மதியச் சாப்பாட்டையே துறந்தாள். இவள் மட்டும் நுண்ணோக்கியில் அதன் தலையைப் பார்த்துவிட்டு, "ஐயோ, எத்தனை அழகு! கொக்கியெல்லாம் கிரீடம் வெச்சாப்பல இருக்குது!" என்று கத்தினாள். பேராசிரியர் குருமூர்த்தி திரும்பிப் பார்த்தார். இருபது வருடமாக அந்த வகுப்பை எடுக்கிறார். புழுவை அழகு என்று சொன்ன மாணவி அதுவரை அவருக்குக் கிடைத்ததில்லை. பிறகு அவள் முனைவர் பட்டத்துக்கு அவரிடமே சேர்ந்தபோது அவருக்கு ஆச்சரியம் ஏற்படவில்லை.

அவள் எடுத்துக்கொண்டது நாய் நாடாப்புழு. நாயின் குடலில் அது சொகுசாக இருக்கும். அதன் முட்டை நாயின் மலத்தோடு புல்லில் விழும். அந்தப் புல்லை மேய்கிற ஆட்டின் ஈரலிலோ நுரையீரலிலோ போய், முட்டையிலிருந்து வரும் குஞ்சுப்புழு நீர்க்கட்டியாக வளரும். கட்டியுள்ள ஈரலைத் தூக்கி எறிந்தால் நாய் தின்னும். மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பம். நாயைத் தொட்ட கையைக் கழுவாமல் சோற்றில் வைக்கிற மனிதனுக்குள்ளும் இதே கட்டி வரும். வயிற்றுக்குள் தேங்காய் அளவுக்கு வளர்ந்த பிறகே பல பேருக்குத் தெரியும். அப்புறம் ஆபரேஷன்தான்.

மலேரியாவுக்குக் கொடுக்கிற மெஃப்ளோகுயின் என்ற மருந்து இந்தக் குஞ்சுப்புழுவையும் கொல்லுமா என்பது தமிழினியின் கேள்வி. வெளிநாடுகளில் எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள் என்று படித்ததிலிருந்து அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. நம் ஊர் ஆட்டில் இருக்கிற புழுவுக்கு அது என்ன செய்யும்? வழி எளியதுதான். கட்டியைக் குத்தி உள்ளே இருக்கிற நீரை எடுத்தால், அடியில் மணல் மாதிரி ஒன்று படியும். அந்த ஒவ்வொரு மணலும் ஒரு புழுத்தலை. அதை இரண்டு தட்டில் பிரித்து, ஒன்றில் மருந்து விட வேண்டும், இன்னொன்றில் விடக் கூடாது. பிறகு சிவப்புச் சாயம் ஒரு சொட்டு. உயிருள்ளது சாயத்தை உள்ளே விடாது, வெளுப்பாகவே இருக்கும். செத்தது செக்கச் சிவந்து போகும்.

எளியதுதான், கட்டி கிடைத்தால்!

கறிக்கடை அங்கம்மாளிடம் முதலில் போய்க் கேட்டபோது நடந்த கூத்தைச் சொல்ல வேண்டும். கடையில் வெட்டுவது அவள் புருஷன். தலை, கால், குடல், ஈரல் எல்லாம் அங்கம்மாளின் பொறுப்பு. "கட்டி விழுந்த ஈரல் வந்தா எனக்கு எடுத்து வைங்க அக்கா" என்று தமிழினி கேட்டாள். அங்கம்மாளும் தலையை ஆட்டினாள். ஞாயிற்றுக்கிழமை போனால், வாழை இலையில் பளபளவென்று ஓர் ஈரல் காத்திருந்தது. ஒரு புள்ளி இல்லை, ஒரு கீறல் இல்லை.

"கட்டி எங்கீங்க அக்கா?"

"கட்டி விழுந்ததை நாய்க்குப் போட்டுட்டேன் கண்ணு. படிக்கற புள்ள, உனக்குப் போயி அந்தக் கருமத்தைக் குடுப்பனா? இது எளசு. மொளகு போட்டு வறுத்துத் தின்னு."

தமிழினி தலையில் கை வைத்துக்கொண்டு கடை வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள். வாசலில் அந்த நாய் உதட்டை நக்கிக்கொண்டிருந்தது. அன்றைக்கு நாய்க்கும் புழுவுக்கும் ஆட்டுக்கும் உள்ள உறவைக் கடை முழுக்க விளக்கினாள். கறி வாங்க வந்தவர்கள் இரண்டு பேர் வாங்காமலே போனார்கள். அங்கம்மாள் கோபித்துக்கொள்ளவில்லை, அவளுக்கு இந்த வாயாடிப் பெண்ணை நெம்பப் பிடித்துப் போனது. அதிலிருந்து கட்டி விழுந்த ஈரல் ஒழுங்காக வந்தது. ஆனால் வந்த கட்டியெல்லாம் மலடு. உள்ளே வெறும் தண்ணீர்தான் இருந்தது.

அந்தச் சமயத்தில்தான் பாவாயி அத்தைக்கு வலது விலாவுக்குக் கீழே நோவு வந்தது. அர்த்தநாரியின் அக்கா அவள். மல்லசமுத்திரத்துக்குப் பக்கம் மேச்சேரி இனத்து ஆடுகள் வைத்து மேய்க்கிறவள். பட்டி நாய்கள் அவள் தட்டிலேயே வாய் வைக்கும் அளவுக்குச் செல்லம். ஸ்கேன் எடுத்துப் பார்த்ததில் ஈரலில் நீர்க்கட்டி. சேலம் அஸ்தம்பட்டியில் உள்ள சர்ஜன் ஜெயபிரகாஷ், தள்ளிப்போடாமல் ஆபரேஷன் செய்துகொள்ளச் சொல்லித் தேதியும் கொடுத்தார். கட்டி பெரிது, தானாக உடைந்தால் உயிருக்கே ஆபத்து என்றும் சொல்லி அனுப்பினார். ஆடுகள் குட்டி போடுகிற பருவத்தில் பட்டியை விட்டுவிட்டு ஆஸ்பத்திரியில் படுப்பதா என்று அத்தை முனகிக்கொண்டிருந்தாள்.

தான் நுண்ணோக்கியில் தேடுகிற புழு தன் அத்தைக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது என்று தெரிந்ததும் தமிழினிக்கு வேலை வேலையாகவே இல்லை, வெறியாகிவிட்டது. அப்படி இருக்கும்போதுதான் ஒரு திங்கட்கிழமை அங்கம்மாளிடமிருந்து போன் வந்தது. "கண்ணு, நேத்து ஒரு கெடாய்ல முட்டை முட்டையாக் கட்டி! உனக்குன்னு எடுத்து வெச்சிருக்கறன், ஓடியா!"

ஓடினாள். கட்டிகள் கொஞ்சம் தொளதொளவென்று இருந்தன. ஈரலின் மேல் மஞ்சள் பூசினாற்போல ஒரு நிறம். இருந்தால் என்ன? ஆய்வகத்தில் ஒன்றைக் குத்தி நீரை எடுத்தபோது அடியில் மணல் படிந்தது. மணல்! இத்தனை மாதமாகக் கண்ணில் படாத மணல்! எப்போதும் முதலில் ஒரு சொட்டை எடுத்துப் புழு உயிரோடு இருக்கிறதா என்று பார்ப்பது வழக்கம். அன்று அதற்குப் பொறுமை இல்லை. நேராக இரண்டு தட்டிலும் விட்டாள், ஒன்றில் மருந்தை விட்டாள்.

மறுநாள் சாயம் விட்டுப் பார்த்தால், மருந்துத் தட்டு முழுக்கச் சிவப்பு. ஒன்று விடாமல் சிவப்பு. தமிழினி நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து தாழ்வாரத்தில் ஓடினாள். யார் யாரையோ கட்டிப்பிடித்தாள். அப்பாவுக்குப் போன் போட்டு, "செத்துப்போச்சுங்கப்பா! எல்லாம் செத்துப்போச்சு!" என்று கத்தியதில், கல்லூரியில் யாருக்கோ ஆபத்து என்று அர்த்தநாரி ஒரு கணம் ஆடிப்போனார். விஷயம் புரிந்ததும் அவர் மகளுக்கு மேல் ஆனார். பட்டறை ஆட்களுக்கெல்லாம் மைசூர்பாகு வந்தது. அவர் போட்ட அடுத்த போன் மல்லசமுத்திரத்துக்கு, அக்காவுக்குப் போனது.

திரும்பி வந்து மருந்து போடாத தட்டைப் பார்த்தாள். அதிலும் பெரும்பாலும் சிவப்பு. மனசு லேசாக உறுத்தியது. ஆனால் சந்தோஷத்தில் மிதக்கிறவளுக்குக் காரணம் கிடைக்காமலா போகும்? தான் ஓடித் திரிந்த நேரமெல்லாம் அந்தத் தட்டு சாயத்திலேயே ஊறிவிட்டது, அதிக நேரம் ஊறினால் உயிருள்ளதும் சிவக்கும், அதுதான் காரணம் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். வெளியூரில் இருந்த குருமூர்த்தி போனில் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "மருந்து போடாத தட்டு?" அவள் சாயத்தின் கதையைச் சொன்னாள். "அப்படின்னா உனக்கு இன்னும் எதுவும் கிடைக்கலைம்மா. திரும்பச் செய். அதுவரைக்கும் வாயைத் திறக்காதே" என்றார் அவர். வாய் திறந்து வெகுநேரம் ஆகியிருந்தது.

ஆபரேஷனுக்கு முந்தைய பரிசோதனைக்கு அத்தையைச் சேலம் கூட்டிப்போகிற பொறுப்பு தமிழினிக்கு. பஸ்ஸில் அத்தை ஜன்னலோரம் உட்கார்ந்து, புதுமணப்பெண் மாதிரி சிரித்துக்கொண்டே வந்தாள். பரிசோதனைக்குப் போகிற முகமாக அது இல்லை. காரணம் சர்ஜன் அறையில்தான் தெரிந்தது.

"டாக்டரய்யா, ஆப்பரேசன் வேண்டாமுங்க" என்றாள் அத்தை, உட்காருவதற்கு முன்பே. "மலேரியா மாத்திரைக்கு ஒரு சீட்டு எழுதிக் குடுங்க. மெடிக்கல்ல கேட்டேன், சீட்டு இல்லாமக் குடுக்க மாட்டேங்கறான்."

ஜெயபிரகாஷ் கண்ணாடியைக் கழற்றினார். "மலேரியா மாத்திரையா? யாரும்மா சொன்னாங்க?"

"எங்க அம்மிணிதானுங்க கண்டுபுடிச்சிருக்கறா!" அத்தை தமிழினியின் தோளைப் பிடித்து முன்னால் தள்ளினாள். "புழுவுக்கே டாக்டரு. கட்டிக்குள்ள இருக்கறதெல்லாம் ஒட்டுக்காச் செத்துப்போச்சாமுங்க."

தமிழினிக்குக் குருமூர்த்தியின் எச்சரிக்கை ஞாபகம் வந்தது. ஆனாலும் உள்ளே எங்கேயோ பெருமையும் எட்டிப் பார்த்தது. அதையும் சொல்லித்தான் ஆக வேண்டும். சர்ஜன் கிண்டல் செய்யவில்லை. அந்த மருந்தைப் பற்றித் தானும் படித்திருப்பதாகச் சொன்னார், எத்தனை அளவு விட்டாள் என்று விசாரித்தார். பிறகு அத்தையிடம் திரும்பினார்.

"அம்மா, அது நல்ல ஆராய்ச்சிதான். ஆனா மனுஷங்களுக்கு இந்தக் கட்டிக்காக இன்னும் கொடுக்கறது இல்ல. உங்க கட்டி காத்திருக்காது. நாங்க செய்யறதும் ஒண்ணும் பெரிய மந்திரம் இல்ல. கட்டியைச் சுத்தி உப்புத்தண்ணியில நனைச்ச துணி வைப்போம். உள்ளே கெட்டியான உப்புத்தண்ணியை ஏத்துவோம். கொஞ்ச நேரத்துல புழு எல்லாம் செத்துடும். அப்புறம் எடுத்துடுவோம். அதைக் கொல்ல உப்பே போதும்."

உப்பே போதும்.

தமிழினிக்கு அந்த ஈரல் கண் முன்னால் வந்தது. மேலே பூசியிருந்த மஞ்சள். தண்ணீர் வற்றினாற்போலத் தொளதொளத்த கட்டி. ஞாயிற்றுக்கிழமை வெட்டியதைத் திங்கட்கிழமை வரைக்கும் அங்கம்மாள் எப்படி வைத்திருந்தாள்? மீந்த கறி என்றால் அந்த வீட்டில் வேறு எப்படி வைப்பார்கள்? அவள் அறையை விட்டு வெளியே ஓடி, அங்கம்மாளுக்குப் போன் போட்டாள்.

"ஆமா கண்ணு, உப்புக்கண்டத்துக்குப் போடறாப்பல ரெண்டு கை கல்லுப்பும் மஞ்சளும் போட்டுப் பொரட்டித்தான் வெச்சேன். பிரிஜ்ல எடமில்ல. கெட்டுப்போனா உனக்கு நாறுமில்ல?"

மருந்து விழுவதற்கு முன்பே எல்லாம் செத்திருந்தன. செத்த புழுவுக்கு மருந்து கொடுத்துவிட்டு அவள் தாழ்வாரத்தில் ஓடியிருக்கிறாள். செத்த புழுவுக்காகப் பட்டறையில் மைசூர்பாகு தின்றிருக்கிறார்கள். செத்த புழுவை நம்பி உள்ளே ஒருத்தி தன் உயிரைத் தூக்கி மாத்திரையின் மேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.

பேசாமல் இருந்துவிடலாம்தான். சர்ஜனே அத்தையைச் சம்மதிக்க வைத்துவிடுவார், தன் மானமும் தப்பும். தாழ்வாரத்தில் நின்று அவள் இதை நினைத்தும் பார்த்தாள். ஆனால் உள்ளே அத்தையின் குரல் கேட்டது: "நீங்க என்ன வேணா சொல்லுங்க டாக்டரய்யா, எங்க அம்மிணி பொய் சொல்ல மாட்டா."

தமிழினி கதவைத் தள்ளிக்கொண்டு போனாள். "அத்தை, அது மாத்திரையில சாகலைங்க. ஈரல்ல உப்புப் போட்டு வெச்சிருந்தாங்க. முன்னாடியே செத்திருக்குது. நான் பாக்காமக் கத்திப்போட்டேன். மாத்திரை வேலை செய்யுமான்னு எனக்கே தெரியாதுங்க. ஆப்பரேசன் பண்ணிக்கங்க."

அத்தை அவளை ஏற இறங்கப் பார்த்தாள். முகத்தில் இருந்த சிரிப்பு மெல்ல மெல்ல இறங்கிப் போனது. "ஊரு பூராச் சொல்லிப்போட்டனே" என்றாள். சர்ஜனைப் பார்த்துச் சரி என்று தலையை ஆட்டினாள். திரும்பி வருகிற பஸ் மல்லசமுத்திரத்தைத் தொடும் வரைக்கும் இரண்டு பேரும் பேசவில்லை. தமிழினி தன் வாழ்நாளில் அத்தனை நேரம் வாயை மூடிக்கொண்டிருந்தது அதுதான் முதல் தடவை.

ஆபரேஷன் நல்லபடியாக நடந்தது. அர்த்தநாரி பட்டறையைப் பூட்டிவிட்டுப் போய் அக்காவின் பட்டியைப் பார்த்துக்கொண்டார். லாரிக்குப் பாடி கட்டுகிற கை ஆட்டுக்குட்டியைப் பிடித்த அழகைப் பார்த்து அக்கம்பக்கத்தார் சிரித்தார்கள். தமிழினி ஆஸ்பத்திரியில் அத்தைக்குக் கஞ்சி ஊட்டினாள். அத்தை குடித்தாள், நன்றாகத்தான் பேசினாள். ஆனால் பட்டி நாய்களுக்குப் புழு மருந்து கொடுக்க வேண்டும் என்று தமிழினி சொன்னபோது, "எதுக்கும் இன்னொரு டாக்டரக் கேட்டுக்கறன்" என்றாள். அந்தச் சொல் தமிழினிக்குச் சுருக்கென்று தைத்தது.

அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கம்மாள் கடையைத் திறப்பதற்கு முன்பே தமிழினி ஐஸ் பெட்டியோடு வாசலில் நின்றாள். அங்கம்மாள் உப்பு டப்பாவைத் தூக்கிப் பரணில் வைத்துவிட்டாள். "நான் நல்லதுன்னு நெனச்சு உன்ற படிப்புல மண்ணப் போட்டுட்டனே கண்ணு" என்று பார்க்கும்போதெல்லாம் புலம்பினாள். வேண்டாத கட்டி ஈரலை இப்போது நாய்க்குப் போடுவதில்லை. கொதிக்க வைத்துப் புதைத்துவிடுகிறாள். பல வாரம் மலட்டுக் கட்டியாகவே வந்தது. ஒரு வாரம் மணல் வந்தது.

இந்தத் தடவை முதல் சொட்டை எடுத்துத் தனியாகப் பார்த்தாள். வெளுத்த சின்னச் சின்னத் தலைகள், உள்ளே கொக்கிக் கிரீடம், மெதுவாகச் சுருங்கி விரிகின்றன. உயிர்! பிரித்தாள், மருந்து விட்டாள், காத்திருந்தாள். மறுநாள் குருமூர்த்தி பக்கத்தில் நிற்க, மருந்துத் தட்டின் பக்கம் போகாமல் மருந்து போடாத தட்டைத்தான் முதலில் நுண்ணோக்கியில் வைத்தாள். குனிந்தாள்.

"சார்! உயிரோட இருக்குது சார்! எல்லாம் உயிரோட இருக்குது!"

புழு பிழைத்ததற்காக இத்தனை சந்தோஷப்பட்டவர்கள் உலகத்திலேயே அவர்கள் இரண்டு பேராகத்தான் இருக்க முடியும். அவள் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கையைக் கட்டிக்கொண்டு நிற்கிற பழக்கமுள்ள குருமூர்த்தி கையை அவிழ்த்துவிட்டு, "மத்த தட்டை வை, மத்த தட்டை வை" என்று அவசரப்படுத்தினார். மருந்துத் தட்டில் பாதிக்கு மேல் சிவந்திருந்தது. எல்லாம் இல்லை, பாதிக்கு மேல். மருந்தின் அளவைக் கூட்டியபோது இன்னும் அதிகமாகச் சிவந்தது. அடுத்துக் கிடைத்த கட்டியிலும் அப்படியே. அதற்கடுத்ததிலும் அப்படியே. மூன்றாவது தடவை பார்த்து முடித்ததும் குருமூர்த்தி, "இப்ப வேணும்னா வாயைத் திற" என்று சொல்லிச் சிரித்தார்.

தமிழினி போனை எடுக்கவில்லை, ஸ்கூட்டரை எடுத்தாள். மல்லசமுத்திரம் வரைக்கும் தனக்குள் கூவிக்கொண்டே போனாள். அத்தை பட்டிக்குப் பக்கத்தில் வேப்பமரத்து நிழலில் கட்டில் போட்டு உட்கார்ந்திருந்தாள். பளு தூக்கக் கூடாது என்று சொல்லியிருந்ததால் ஆட்டை வாயாலேயே மேய்த்துக்கொண்டிருந்தாள்.

"அத்தை! உசுரோட இருக்குதுங்க!"

"எது சாமி?"

"மருந்து போடாத புழு!"

"அட கிறுக்கே, புழு பொழைச்சதுக்கா இந்தக் கூத்து?"

"அது பொழைச்சாத்தானுங்க அத்தை, இன்னொரு தட்டுல செத்தது மருந்துலதான் செத்துச்சுன்னு சொல்ல முடியும். செத்திருக்குதுங்க! பாதிக்கு மேல செத்திருக்குது! மூணு வாட்டி பாத்துட்டேன்!"

அத்தையின் கை தானாகப் போய் விலாவுக்குக் கீழே இருந்த தையல் தழும்பைத் தடவியது. "அப்ப அந்த மாத்திரையைத் தின்னிருந்தா எனக்கு இந்த வெட்டு இல்லாமயே போயிருக்குமா?" என்று கேட்டாள்.

தமிழினியின் நெஞ்சு முழுக்க ஆமாம் என்று குதித்தது. நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. இத்தனை தூரம் வந்ததே அதைச் சொல்லத்தான் என்று தோன்றியது. அவள் கட்டிலின் காலருகே தரையில் உட்கார்ந்தாள்.

"தெரியாதுங்க அத்தை. தட்டுல சாகுது. மனுசர் ஒடம்புக்குள்ள என்ன செய்யும்னு எனக்குத் தெரியாதுங்க. அதைத் தெரிஞ்சுக்க இன்னும் நெம்ப நாளாகும்."

அத்தை அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு பட்டிப் பக்கம் திரும்பி, இரண்டு நாய்களையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். அவை வாலை ஆட்டிக்கொண்டு வந்து நின்றன.

"அன்னிக்கு ஒரு மருந்து சொன்னியே," என்றாள் அத்தை, "இதுகளுக்கு எவ்வளவு குடுக்கோணும்? நீயே குடுத்துட்டுப் போ."